ஒன்று போதுமா, இரண்டும் வேண்டுமா

அந்தத் தகரப் பட்டறையில் அவளுக்கு ஃபியூஸ் அக்கா என்று பெயர். எலக்ட்ரீஷியன் வேலை பார்ப்பது ஒரு காரணம், மூக்கு நுனியில் கோபம் உட்கார்ந்திருப்பது இன்னொன்று. மெஷினில் ஃபியூஸ் போனால் எல்லாரும் அவளைத் தேடி ஓடி வருவார்கள். அவளுக்கே ஃபியூஸ் போனால் அதே ஆட்கள் எதிர்ப்பக்கம் ஓடுவார்கள்.

அவள் கொழுந்தனுக்கும் அங்கேதான் வேலை. தகடு வெட்டும் பிரஸ்ஸில் நிற்பான். அந்த மெஷினுக்கு இடப்பக்கம் ஒரு பட்டன், வலப்பக்கம் ஒரு பட்டன். இதையும் அதையும் சேர்த்து அமுக்கினால்தான் மேலிருந்து அச்சு இறங்கும். இரண்டு கையும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் கை எப்படி இருக்கும்? விஷயம் அவ்வளவுதான். ஆனால் நம்ம ஆளுக்குக் காலில் வெந்நீர் கொட்டிய அவசரம். இடது பட்டனில் மரச் சக்கை ஒன்றைச் செருகிவிட்டு, வலது கையால் மட்டும் அமுக்கிக்கொண்டு, இடது கையால் தகடு தள்ளிக்கொண்டிருந்தான்.

"ஒரு பட்டன் போதும் அண்ணி. வேலை எப்படிப் பறக்குது பாருங்க!"

"விரலும் பறக்கும்டா. 'இதுவும் அதுவும்'னு இருந்ததை நீ 'இது மட்டும் போதும்'னு ஆக்கி வச்சிருக்கே. உனக்கு நல்ல புத்தியே வராதா?"

சக்கையைப் பிடுங்கி எறிந்தாள். மறுநாள் புதுச் சக்கை முளைத்தது. அவள் விடுவாளா? இணைப்பையே மாற்றிவிட்டாள். ஒவ்வொரு முறையும் இரண்டு பட்டனையும் விட்டு, மறுபடி சேர்த்து அமுக்கினால்தான் இனி அச்சு அசையும். சக்கைக்கு வேலை போயிற்று, கொழுந்தனின் வேகமும் போயிற்று. அன்றிலிருந்து அவன் அவளோடு பேசுவதில்லை. ஒரே மேசையில் சாப்பிட உட்கார்ந்துகொண்டு, "தண்ணி ஜக்கை இந்தப் பக்கம் தள்ளச் சொல்லுண்ணே" என்று அண்ணனிடம் தூது விடுவான். அவளுக்கு வலிக்கத்தான் செய்தது. பேசாவிட்டால் போகட்டும், பத்து விரலோடு பேசாமல் இருக்கட்டும் என்று பல்லைக் கடித்துக்கொண்டாள்.

இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்த சூப்பர்வைசருக்கு ஒன்று மட்டும் நன்றாகப் பதிந்துவிட்டது: இரண்டு என்றால் பாதுகாப்பு. அங்கேதான் வினை ஆரம்பம்.

ஒரு நாள் லீவு போட்டுவிட்டு அவள் திரும்பி வந்தபோது, அவர் வாயெல்லாம் பல்லாக நின்றார். தகடு வளைக்கும் உருளை மெஷின் பக்கம் அழைத்துப் போனார். லாரி நிறுத்துகிற அளவு நீளம் அது. நிறுத்துவதற்கு இந்த முனையில் ஒரு சிவப்புப் பட்டன், அந்த முனையில் ஒன்று.

"யாராவது இடிச்சு இடிச்சு மெஷின் நின்னுக்கிட்டே இருந்துச்சுல்ல? வெளி ஆளை வச்சு மாத்திட்டேன். இப்ப ரெண்டையும் சேர்த்து அமுக்கினாதான் நிக்கும். எல்லாம் உன் யோசனைதாம்மா!"

அன்றைக்குப் பிரஸ்ஸிலிருந்து மாறி வந்து அந்த முனையில் தகடு ஊட்டிக்கொண்டிருந்தவன் அவள் கொழுந்தன். நேராகப் போய் மெயின் ஸ்விட்சை இறக்கினாள். வேறு யாரும் ஏற்ற முடியாதபடி அதில் தன் பூட்டைப் போட்டாள். சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"என்னம்மா பண்றே? லோடு இன்னைக்குப் போயாகணும். நாளைக்குப் பார்த்துக்கலாம்."

"ஓட வைக்கத்தான் சார் ரெண்டும் வேணும். நிறுத்துறதுக்கு இதுவோ அதுவோ, எது கைக்குக் கிடைக்குதோ அது போதும்."

"ரெண்டுதான் பாதுகாப்புன்னு நீதானே சொன்னே?"

சொன்னவள் அவள்தான். பாதியைச் சொல்லிவிட்டு, மறுபாதி எல்லாருக்கும் தானாகப் புரியும் என்று இருந்துவிட்டாள். அந்த நினைப்பு முள்ளாகக் குத்தியது.

"சாவியைக் கொடு. இல்லேன்னா நாளையிலேருந்து வராதே."

"வரலை சார். ஆனா இன்னைக்கு இது ஓடாது."

கொழுந்தனைப் பார்த்துத் திரும்பினாள். "டேய், இடது கை உருளைக்குள்ள மாட்டிக்கிச்சுன்னு வச்சுக்கோ. என்ன பண்ணுவே?"

அவன் வலது கை தானாகப் போய்ப் பக்கத்துப் பட்டனை அமுக்கியது.

"நிக்காது. அடுத்தது?"

அவன் அந்தக் கோடியில் இருந்த பட்டனைப் பார்த்தான். கையை நீட்டக்கூட இல்லை.

"கத்துவேன்" என்றான். வாரக்கணக்கில் அவளிடம் பேசாதவன்.

"இது ஓடுற சத்தத்துல யாருக்குடா கேக்கும்?"

அவன் கையுறையைக் கழற்றி மெஷின் மேல் வைத்தான். "சார், அண்ணி சாவி தர்ற வரைக்கும் நான் இதுல நிக்க மாட்டேன். வேற ஆளையும் நிக்க விட மாட்டேன்."

சூப்பர்வைசர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கோடிப் பட்டனையும் ஒரு தரம் பார்த்தார். "சீக்கிரம் முடி" என்று மட்டும் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

அவள் பெட்டியைத் திறந்து கம்பிகளைப் பிரித்தாள். கொழுந்தன் டார்ச் பிடித்தான். திருப்புளி திருகின் தலையில் உட்கார மறுத்து வழுக்கிக்கொண்டே இருந்தது.

"அண்ணி, கை நடுங்குது உங்களுக்கு."

"நடுங்கட்டும். உன் கை முழுசா இருக்கில்ல? டார்ச்சை ஒழுங்காப் பிடி."