சித்தி பிடித்துவிட மறுத்த கால்

என் சித்தி ஒரு பெரிய மருத்துவமனையில் மசாஜ் தெரபிஸ்ட். இருபத்தேழு வருஷமாக அதே வேலை, அதே அறை. பிசியோதெரபி பிரிவின் நீண்ட நடைபாதையில் கடைசிக் கதவு அவளுடையது. உள்ளே இரண்டு உயரக் கட்டில்கள், நடுவில் ஒரு பச்சைத் திரை. ஒவ்வொருவர் இறங்கியதும் கட்டிலில் விரித்த காகிதத்தைக் கிழித்துப் போட்டுவிட்டு, புதிதாக உருட்டி விரிப்பாள். அவள் பயன்படுத்தும் எண்ணெய்க்கு வாசனை கிடையாது. வலியோடு வருகிறவர்களில் சிலருக்கு வாசனையே தலைவலி என்பாள்.

ஆள் ஒல்லி. முதல் தடவை வருகிறவர்கள், உள்ளே இன்னும் யாராவது தடியான ஆள் இருப்பார் என்று எட்டிப் பார்ப்பார்கள். பத்து நிமிஷத்தில் அந்தச் சந்தேகம் போய்விடும். பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். குறட்டை விடுகிறவர்களைத்தான் தனக்கு ரொம்பப் பிடிக்கும், அதைவிட நல்ல சர்ட்டிபிகேட் வேறு யார் தரப்போகிறார்கள் என்பாள்.

அவள் இந்த வேலைக்கு வந்ததே வலியினால்தான். பதினெட்டு வயதில் செருப்புத் தொழிற்சாலையில் மேல்தோல் தைக்கும் மெஷினில் உட்கார்ந்தாள். ஒரு நாளைக்கு ஒன்பது மணி நேரம் குனிந்த தலை நிமிராது. நாலாவது வருஷம் கழுத்தில் ஆரம்பித்த வலி தோளுக்கு இறங்கி, முழங்கையைத் தாண்டி, சுண்டுவிரலில் போய் மரத்துப்போனது. தலை வாரிக்கொள்ளக் கையைத் தூக்க முடியவில்லை. அவளுக்கு அக்காவான என் அம்மாதான் வாரிவிட்டாள். மாத்திரை போட்டால் வயிறு எரிந்தது, போடாவிட்டால் கை எரிந்தது. கடைசியில் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கே ஒரு தெரபிஸ்ட் வாரம் இரண்டு முறை அவள் கழுத்தையும் தோள்பட்டையையும் இளக்கிவிட்டு, கூடவே பயிற்சியும் கொடுத்தாள். மூன்று மாதத்தில் சித்தி தன் தலையைத் தானே வாரிக்கொண்டாள். வலி முழுதாகப் போகவில்லை. அது இருந்த இடத்தில் அவளும் இருக்கக் கற்றுக்கொண்டாள். அடுத்த வருஷம் தொழிற்சாலை வேலையை விட்டுவிட்டு, இரண்டு வருஷப் படிப்பில் சேர்ந்தாள்.

வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை. ஊரார் உடம்பைப் பிடித்துவிடுகிற வேலையா என்று முகம் சுளித்தார்கள். அம்மாவுக்குக் கோபத்தைவிடக் கூச்சம்தான் அதிகம். கல்யாண வீடுகளில் யாராவது தங்கச்சியைப் பற்றி விசாரித்தால், "ஆஸ்பத்திரியில இருக்கா" என்று சொல்லிவிட்டு வேறு பேச்சுக்குத் தாவிவிடுவாள். கேட்டவர்கள் பதறிப்போவார்கள். தூரத்து அத்தை ஒருத்தி, சித்திக்கு என்னவோ ஏதோ என்று பழப்பையோடு பார்க்கவே கிளம்பி வந்துவிட்டாள். சித்தி அவளை உட்கார வைத்து, பழத்தை வாங்கிக்கொண்டு, அவளுடைய முழங்காலைப் பிடித்துவிட்டு அனுப்பினாள்.

அப்பா வேறு ரகம். நகரப் பேருந்து ஓட்டுநர், கிண்டல் பேர்வழி. சித்திக்கு 'அமுக்குணி' என்று பட்டப்பெயர் வைத்தார். வாயைத் திறந்தால் மூடத் தெரியாத சித்திக்கும் அந்தச் சொல்லுக்கும் சம்பந்தமே கிடையாது. அமுக்கிவிடுகிறவள் என்பதுதான் அவர் கண்டுபிடித்த அர்த்தம். சித்தியும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஒருநாள் மட்டும் பாத்திரம் துடைத்துக்கொண்டே என்னிடம் சொன்னாள், "உங்கப்பா பத்துத் தடவை சொன்னா ஒன்பது தடவை சிரிப்பு வருதுடி. அந்தப் பத்தாவது தடவைதான் சுருக்குன்னு இருக்கு."

தன் வேலையில் எதைப் பெரிதாக நினைக்கிறாள் என்பது வீட்டில் யாருக்கும் புரியவில்லை. அவளிடம் ஒன்பது வருஷ இடுப்புவலியோடு ஒரு டைல்ஸ் மேஸ்திரி வந்துகொண்டிருந்தார். வாழ்க்கை முழுக்க முட்டிபோட்டுத் தரை பதித்தவர். வலி எத்தனை என்று அவள் அவரிடம் கேட்பதில்லை, இந்த வாரம் என்ன செய்தீர்கள் என்றுதான் கேட்பாள். ஒருநாள் அவர், தன் கால் நகத்தைத் தானே குனிந்து வெட்டிக்கொண்டதாகச் சொன்னாராம். அன்றைக்குச் சாயங்காலம் சித்தி பரீட்சையில் முதலிடம் வாங்கியவள் மாதிரி எங்கள் வீட்டுக்கு வந்தாள். கதையைக் கேட்டுவிட்டு அப்பா, நகம் வெட்டினதுக்கா இவ்வளவு ஆர்ப்பாட்டம் என்று டிவி பக்கம் திரும்பிக்கொண்டார்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அப்பா பேருந்துப் படியிலிருந்து இறங்கும்போது கால் பிசகி விழுந்தார். இடது முழங்காலில் தசைநார் அறுந்து, அறுவை சிகிச்சை ஆனது. வீட்டுக்கு அனுப்பும்போது, தினமும் நடக்க வேண்டும், பாதத்தை மேலும் கீழும் ஆட்டிக்கொண்டே இருக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அவர் சோபாவோடு சோபாவாக ஒட்டிக்கொண்டார். வாழ்நாளில் கிடைத்த முதல் லீவு என்றார்.

மூன்று வாரம் கழித்து ஆடுசதையில் வலி ஆரம்பித்தது. சதை சுருட்டி இழுத்துக் குரக்களி பிடித்த மாதிரி இருக்கிறது, நன்றாக அழுத்திப் பிடித்துவிட்டால் சரியாகிவிடும் என்று அப்பாவே முடிவு செய்துவிட்டார். அத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவருக்குச் சித்தியின் வேலை ஞாபகம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை அம்மா போன் போட்டு, எண்ணெயோடு வரச் சொன்னாள்.

சித்தி வந்தபோது அப்பாவோடு வேலை பார்க்கும் ஓட்டுநர்கள் இருவர் நலம் விசாரிக்க வந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அப்பா காலை நீட்டி, லுங்கியை முழங்காலுக்கு மேல் ஏற்றிக்கொண்டு, அமுக்குணி வந்தாச்சு, இனிமேல் கவலையில்லை என்று அவர்களுக்கு அறிவித்தார்.

சித்தி சிரித்துக்கொண்டே தரையில் உட்கார்ந்தாள். எண்ணெய் பாட்டிலைத் திறந்தவள், அப்படியே நிறுத்தினாள். இரண்டு கால்களையும் மாறிமாறிப் பார்த்தாள். புறங்கையை இடது ஆடுசதைமேல் மெதுவாக வைத்து எடுத்தாள். பிறகு அம்மாவின் தையல் மெஷின் டிராயரிலிருந்து அளவு டேப்பை எடுத்து வரச் சொன்னாள். இரண்டு ஆடுசதைகளையும் ஒரே இடத்தில் அளந்தாள். இடது கால் மூன்று சென்டிமீட்டருக்கு மேல் பெருத்திருந்தது. தோல் பளபளவென்று இழுத்துக்கொண்டு நின்றது.

பாட்டிலை மூடினாள்.

"மாமா, இந்தக் காலை நான் பிடிச்சுவிட மாட்டேன். உடனே ஸ்கேன் எடுக்கணும். கிளம்புங்க."

அப்பாவின் முகம் மாறிவிட்டது. நண்பர்கள் முன்னால் வேறு. "ஊர்ல இருக்கிறவன் காலையெல்லாம் பிடிக்கிற. அக்கா புருஷன் கால்னா மட்டும் கசக்குதா?" என்றார்.

ஓட்டுநர்கள் இருவரும் டீ டம்ளருக்குள் பார்வையை விட்டுக்கொண்டார்கள். அம்மாவுக்கு அவமானம் தாங்கவில்லை. மனிதர் வலியில் துடிக்கிறார், ஐந்து நிமிஷம் பிடித்துவிட்டால் உன் கௌரவம் குறைந்துவிடுமா என்று தங்கையைத் திட்டினாள். நீ பிடிக்காவிட்டால் நான் பிடிக்கிறேன் என்று பாட்டிலை எடுக்கக் கை நீட்டினாள். சித்தி பாட்டிலைத் தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள்.

"அக்கா, ரத்தம் உள்ளே கட்டியிருக்கலாம். அழுத்தினா அந்தக் கட்டி கிளம்பி நுரையீரலுக்குப் போயிடும். நீ என்னை அப்புறம் எவ்வளவு வேணும்னாலும் திட்டு. இப்ப அவர் காலை யாரும் அழுத்தக் கூடாது."

பிறகு மருத்துவமனைக்குப் போன் செய்தாள். எதிர்முனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர், வெறும் தசைப்பிடிப்பாக இருக்கும், நாளைக் காலை வெளிநோயாளிப் பிரிவுக்கு வரட்டுமே என்று இழுத்தார். மசாஜ் பிரிவுதானே நீங்கள் என்றும் கேட்டார் போலிருக்கிறது. சித்தி குரலை உயர்த்தவில்லை. ஆமாம் என்றாள். அறுவை சிகிச்சை ஆகி இருபத்திரண்டு நாள், ஒரு கால் மட்டும் வீக்கம், இவ்வளவு வித்தியாசம், தொட்டால் சூடு, நடமாட்டமே இல்லை என்று ஒவ்வொன்றாக அடுக்கினாள். நாளை வரை காத்திருக்க மாட்டேன், இன்னும் அரை மணி நேரத்தில் அங்கே இருப்போம் என்று சொல்லி வைத்தாள்.

டாக்ஸியில் முன்சீட்டில் அப்பா உர்ரென்று வந்தார். பின்சீட்டில் எனக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் சித்தி.

ஸ்கேனில் முழங்காலுக்குப் பின்னாலிருந்து தொடை வரைக்கும் ரத்தநாளத்தில் கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. அன்றைக்கே ரத்தம் உறையாமல் இருக்க ஊசி போட்டு வார்டில் சேர்த்தார்கள். மூத்த மருத்துவர் வெளியே வந்து, காலை யாராவது பிடித்துவிட்டார்களா என்று கேட்டார். இல்லை என்றோம். பிடித்துவிட்டிருந்தால் இப்போது நாம் இப்படிப் பேசிக்கொண்டிருப்போமா என்பது சந்தேகம் என்றார். யார் இதை முதலில் கவனித்தது என்றும் கேட்டார்.

நடைபாதையில் இருபது பேராவது இருந்திருப்பார்கள். அம்மா அவர்கள் எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னாள்: "என் தங்கச்சி, டாக்டர். இங்கேதான் மசாஜ் தெரபிஸ்ட்டா இருக்கா. இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு."

சித்தி அங்கே இல்லை. தேடிப் போனேன். பெண்கள் கழிப்பறைக் குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். தண்ணீர் அதுபாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது, கழுவிய கையையே திரும்பத் திரும்பக் கழுவினாள். அதுதான் கண்டுபிடித்துவிட்டாயே சித்தி, இன்னும் என்ன பயம் என்றேன்.

"நான் சொன்னது தப்பாப் போயிருந்தா எல்லாரும் சிரிச்சிருப்பீங்க, அவ்வளவுதான். சரியாப் போயிடுச்சே, அதான் பயம்," என்றாள்.

அப்பா மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. மூன்றாம் நாள் சித்தி வார்டுக்குப் போனபோது, பக்கத்துப் படுக்கைக்காரரிடம் அவளைக் காட்டி, இவள்தான் என்றாராம். அவ்வளவுதான். ஆனால் பட்டப்பெயர் அன்றோடு நின்றது. ஒரு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டுச் சித்தியே, "என்ன மாமா, என் பேரு மறந்துபோச்சா?" என்று வம்புக்கு இழுத்தாள். அப்பா பேப்பரை முகத்துக்கு நேராகத் தூக்கிக்கொண்டார்.

நாலு மாதம் கழித்து, இனி மசாஜ் செய்யலாம் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்த பிறகுதான் சித்தி அப்பாவைத் தன் அறைக்கு வரவிட்டாள். அங்கே போனால் மாமாவாவது மச்சானாவது. நாற்காலியில் வரிசையாகக் காத்திருக்க வேண்டும். கட்டி கரைந்துவிட்டது, முழங்காலின் இறுக்கம் கரையவில்லை. தொடை சுருங்கிப் போயிருந்தது. வெட்டிய தழும்பு உள்சதையோடு ஒட்டிக்கொண்டு, காலை மடக்கவிடாமல் இழுத்தது. சித்தி அந்தத் தழும்பை இரண்டு விரல்களுக்கு நடுவில் பிடித்து, மேலும் கீழும் பக்கவாட்டிலும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்துவாள். அப்பா வீரத்தைக் காட்டப் பல்லைக் கடித்தால் கையை எடுத்துவிடுவாள். பொறுக்க முடியாவிட்டால் வாயைத் திறந்து சொல்ல வேண்டும், உடம்பு இறுகிக்கொண்டால் என் உழைப்பு வீண் என்பாள். இருபது நிமிஷம் முடிந்ததும் பயிற்சி.

"நான் இளக்கிவிட்டது ரெண்டு மணி நேரம் நிக்கும் மாமா. அதுக்குள்ள நீங்க மடக்கி நீட்டினாத்தான் அது உங்களுக்குச் சொந்தம்."

ஒருநாள் அப்பா, வலி எப்போது முழுசாகப் போகும் என்று கேட்டார். முழுசாகப் போய்விடும் என்று சொல்லி அனுப்பப்பட்டவர்கள்தான் இந்த அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர், தான் அப்படிச் சொல்லப்போவதில்லை என்றாள் சித்தி. காலையில் இறுகும், குளிரில் முரண்டு பிடிக்கும், அதைச் சமாளிக்கிற வழி மட்டும் தன்னிடம் இருக்கிறது என்றாள். சரி, அந்த வழியைச் சொல் என்றார் அப்பா.

பதினோரு மாதத்தில் அவர் மறுபடி ஸ்டியரிங்கைப் பிடித்தார். முதலில் சின்ன வழித்தடம், அரை ஷிஃப்ட். டிப்போவின் ஓய்வறையில், வண்டி எடுப்பதற்கு முன் பத்து நிமிஷம் பெஞ்சில் உட்கார்ந்து தொடையையும் தழும்பைச் சுற்றியும் தானே தேய்த்து இளக்கிக்கொள்வார். மற்ற ஓட்டுநர்கள் வேடிக்கை பார்த்தார்கள். பிறகு தங்கள் கழுத்தையும் இடுப்பையும் பற்றிச் சொல்ல ஆரம்பித்தார்கள். இருபது வருஷம் ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தவர்களில் வலி இல்லாதவர் ஒருவர்கூட இல்லை. வெளியில் சொன்னால் வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அத்தனை பேரும் மூடி வைத்திருந்தார்கள். டிப்போ மேலாளரிடம் போய், என் மச்சினியைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள் என்று கேட்டது அப்பாதான்.

நானும் அன்றைக்குப் போயிருந்தேன். ஓய்வறையில் நாற்பது பேர், இடமில்லாமல் ஜன்னல் கட்டையிலும் சிலர். அப்பா எழுந்து நின்றார். மேடைப் பேச்சு அவருக்கு வராது. "இவங்க மசாஜ் தெரபிஸ்ட். ரெண்டு வருஷம் படிச்சவங்க. இவங்க ஒருநாள் என் காலைப் பிடிக்க மாட்டேன்னு சொன்னதாலதான் நான் இங்க நிக்கிறேன். கவனமாக் கேளுங்க," என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். சித்தியை அவர் 'இவங்க' என்று சொல்லி அதற்கு முன் நான் கேட்டதில்லை. சித்தி முதல் வேலையாக எல்லாரையும் பேன்ட்டைச் சுருட்டச் சொல்லி, எப்படிப்பட்ட காலைப் பிடித்துவிடக் கூடாது என்பதிலிருந்து தொடங்கினாள். இப்போது மாதம் இரண்டு செவ்வாய்க்கிழமை அந்த ஓய்வறையில் சித்திக்காக ஒரு கட்டில் போடுகிறார்கள்.

சித்திக்கு ஐம்பத்திரண்டு வயதாகிறது. வலது கட்டைவிரலின் அடிமூட்டு தேய்ந்துவிட்டது. அலுவலக வேலைக்கு மாறிக்கொள்ளச் சொன்னார்கள், மாட்டேன் என்றாள். விரலுக்குப் பதில் முழங்கையாலும் முன்கையாலும் அழுத்தப் பழகிக்கொண்டாள். வேலை முடிந்ததும் கூட வேலை பார்க்கும் பெண் அவள் கையைப் பதினைந்து நிமிஷம் பிடித்துவிடுகிறாள். அந்த நேரத்திலும் வாய் ஓயாது, இங்கே இல்லை, அரை அங்குலம் தள்ளு என்று.

போன மாதம் அவளிடம், போதும் என்று தோன்றவில்லையா சித்தி என்று கேட்டேன். அவள் என் கேள்வியைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. "நாளைக்கு ஒன்பது மணிக்கு ஒரு அம்மா வர்றாங்க. எட்டு வருஷத் தோள்வலி. முதல் தடவை வந்தப்போ ஒரு வார்த்தை பேசல. நாளைக்குப் பேசுவாங்க, பாரேன்," என்றாள்.

மறுநாள் சாயங்காலம் நானே போன் செய்து விசாரித்தேன். பேசினாங்க, அரை மணி நேரம் பேசினாங்க என்றாள் சித்தி. குரலில் அப்படி ஒரு மிதப்பு. என்ன பேசினார்கள் என்று கேட்டதற்கு, அது அவங்களுக்கும் எனக்கும் நடுவுல என்று சொல்லிவிட்டுப் போனை வைத்துவிட்டாள்.