வாயடக்கும் புரதமும் என் மனைவியும்

என் மனைவி கோபம் வந்தால் கத்த மாட்டாள். கண்ணாடியைக் கழற்றித் துடைப்பாள். அன்று சாயங்காலம் துடைத்துக்கொண்டே இருந்தாள். பஸ் ஓட்டிவிட்டு வந்த நான் டீ போட்டுக் கொடுத்து, என்ன நடந்ததென்று கேட்டேன்.

கருவின் ஸ்டெம் செல்களை வளர்க்கும் ஆய்வகத்தில் அவளுக்கு வேலை. அந்தச் செல் இதயமாகவும் ஆகலாம், நரம்பாகவும் ஆகலாம். அதற்கான மரபணுக்கள் எல்லாம் உள்ளேயே இருக்கின்றன. சில புரதங்கள்தான் அவற்றின் மேல் உட்கார்ந்து, இப்போது வேண்டாம், சும்மா இரு என்று அடக்கி வைக்கின்றன. அதனால்தான் ஸ்டெம் செல் ஸ்டெம் செல்லாகவே இருக்கிறது. இதைக் கேட்ட என் அம்மா, "அதுல கொஞ்சம் இவனுக்கும் கொடும்மா" என்றாள். வீட்டில் வாயாடி நான்தான்.

அப்படி ஒரு புரதத்தை என் மனைவி நீக்கிப் பார்த்தாள். செல்கள் தட்டையாகப் பரந்து, வேறு எதுவாகவோ மாறத் தொடங்கின. தலைமை விஞ்ஞானி நம்பவில்லை. செல் வளர்க்கும் தட்டில் நெரிசலானால் நல்ல செல்லும் மாறிவிடும். நேரத்தோடு பிரித்து வேறு தட்டுக்கு மாற்றாமல் விட்டிருப்பாய் என்று எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டார். நிரூபிக்காவிட்டால் அவளுடைய வருடக்கணக்கான உழைப்பு குப்பைக்குத்தான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. விட்டுத்தள்ளு, வேறு வேலை பார்க்கலாம் என்றேன்.

"எதுக்கு? நான் சொன்னது சரி. அவரையே வளர்க்கச் சொல்லப் போறேன்."

சொன்னபடியே செய்தாள். புதிதாக எடுத்த செல்களில் அந்தப் புரதத்தை நீக்கி, பாதிக்கு மட்டும் திரும்பக் கொடுத்தாள். எது எதுவென்று தெரியாதபடி அவளுடைய ஆய்வகத் தோழி சிவப்பு, நீல ஒட்டுத்தாளால் தட்டுகளின் பெயரை மறைத்தாள். தலைமை விஞ்ஞானி தன் கையாலேயே செல்களுக்கு உணவு மாற்றினார், நெரிசலாகும் முன்பே பிரித்தார். இவள் அந்த அறைப் பக்கமே போகவில்லை. வீட்டில் நிம்மதியாகத் தூங்கினாள். நான்தான் ராத்திரியெல்லாம் புரண்டுகொண்டிருந்தேன்.

கடைசியில் அவரே கூப்பிட்டு நுண்ணோக்கியில் காட்டினாராம். நீலத் தட்டில் குமிழ் குமிழாய்க் குவிந்த அதே ஸ்டெம் செல்கள். சிவப்பில் எல்லாம் பரந்து கிடந்தன. தோழி ஒட்டுத்தாளை உரித்தாள். சிவப்புதான் புரதம் இல்லாதது.

"நான்தாம்மா வளர்த்தேன். நேரத்துக்குப் பிரிச்சேன். அப்பவும் மாறிடுச்சு," என்றாராம் அவர். "அன்னிக்கு எல்லார் முன்னாடியும் தப்பாச் சொன்னேன். நாளைக்கு எல்லார் முன்னாடியும் சரியாச் சொல்றேன்."

அத்தனை நாளும் அசையாமல் இருந்தவள், இதை என்னிடம் சொல்லும்போது அழுதுவிட்டாள். "இன்னிக்கு எவ்வளவு வேணா பேசுங்க, கேக்கறேன்" என்றாள். அவள் கண்ணாடியை வாங்கித் துடைத்துக் கொடுத்தேன்.