லொறியை மறிச்ச ஜெசிந்தா அக்கா

ஜெசிந்தா அக்கா போயிட்டா. ஹார்ட் அட்டாக்காம்...

காலமை தங்கச்சி கோல் எடுத்துச் சொன்னதில இருந்து எனக்கு ஒரு வேலையும் ஓடேல்ல. வெள்ளவத்தையில ஒஃபிஸ்ல இருந்துகொண்டு தான் இதை எழுதுறன்.

தெரியாத ஆக்களுக்கு... கொட்டாஞ்சேனையில எங்கட லேனில சலூன் வச்சிருந்தவ. அந்தப் பக்கத்துக் கலியாணப் பொம்பிளையள் முக்கால்வாசிப் பேர் அவவின்ட கையால மேக்கப் போட்டுத் தான் வெளிக்கிட்டது.

சலூனுக்குப் பின்னால ஒரு பழைய ஸ்டோர். ரெண்டும் ஒரே முதலாளியின்ட. அந்த ஸ்டோருக்குள்ள நீல ட்ரம் கொண்டுவந்து அடுக்கத் தொடங்கினாங்கள். எங்கயோ ஃபெக்டரிகளில மிஞ்சின கெமிக்கல் கழிவு. மண்டையோட்டுப் படம் போட்ட லேபல். சுவருக்கு இங்கால நாங்கள் சோறு சமைக்கிறம்!

ஒரு மழைக்கு அதில ஒண்டு ஒழுகி மழைத்தண்ணி ஓடுற கானுக்குள்ள வந்திட்டுது. அண்டைக்கு சலூன் கதிரையில இருந்த கலியாணப் பொம்பிளைக்கு மை எல்லாம் கரைஞ்சு வழியுது.

"ஏன் பிள்ளை அழுறீர்?"

"அழேல்ல அக்கா... கண் எரியுது."

அக்கா அந்தப் பிள்ளையைத் தன்ர வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய் மேக்கப்பை முடிச்சு அனுப்பிப்போட்டு, நேரா முதலாளியிட்டப் போனவ. எங்கட அம்மாவும் கூடப் போனவ.

"கொஞ்ச நாளைக்குத் தானே ஜெசிந்தா. நீங்க உங்கட கடையைப் பாருங்கோவன்."

"கடைக்குள்ள மூச்சு விடேலாமக் கிடக்கு முதலாளி."

"அப்ப கடையை விடுங்கோ."

விட்டுட்டா! கண்ணாடி, கதிரை எல்லாத்தையும் வீட்டு முன் அறைக்குள்ள ஏத்திப்போட்டு, கஸ்டமர்ஸையும் கூட்டிக்கொண்டு முறைப்பாடு குடுக்க ஒஃபிஸ் ஒஃபிஸா ஏறி இறங்கினா. ஒரு பக்கப் புருவம் மட்டும் எடுத்த அன்ரி ஒராளும் அப்பிடியே போனவவாம் 🙂

கடைசியில ஒரு மத்தியானம் லொறி வந்தது. ட்ரம் ஏறுது. லேன் முழுக்கச் சந்தோஷம், யாரோ வெடி வாங்கக் கூட ஓடினவை.

அக்கா மட்டும் ட்ரைவரிட்டச் சிங்களத்தில கேட்டா. "தம்பி, இதெல்லாம் எங்க போகுது?"

"ஹெந்தளைக்கு அக்கே. முதலாளிக்கு அங்க ஒரு வளவு இருக்கு. பக்கத்தில எல்லாம் வீடுகள்."

அவ்வளவு தான். லொறிக்கு முன்னால போய் நிண்டுட்டா.

"எங்கட லேனை விட்டுப் போகுது தானே அக்கா, விடுங்கோ!" எங்கட ஆக்கள் தான் கத்தினது.

"ஏன், ஹெந்தளையில இருக்கிறது மனுசர் இல்லையோ? அந்தப் பிள்ளையளுக்குக் கண் எரியாதோ?"

முதல்ல அம்மா போய் அவவுக்குப் பக்கத்தில நிண்டா. பிறகு முன்வீட்டு அங்கிள்... பிறகு முழு லேனும். ட்ரைவர் என்ஜினை ஓஃப் பண்ணிப்போட்டு இறங்கிட்டார்.

பொலிஸ் வந்து, சுற்றாடல் ஒஃபிசர்மார் வந்து, அந்த ட்ரம் எல்லாம் இப்பிடியான கழிவுகளை முறையா அழிக்கிற இடத்துக்குத் தான் போனது. போய்ச் சேர்ந்ததா எண்டு கோல் எடுத்துக் கேட்ட பிறகு தான் அக்கா தேத்தண்ணி குடிச்சவ.

அந்தக் கடை அவவுக்குத் திரும்பக் கிடைக்கேல்ல. கடைசி மட்டும் முன் அறை தான் சலூன். என்ர கலியாணத்துக்கும் அங்க தான் வெளிக்கிட்டனான்.

"கடை போனது கவலை இல்லையா அக்கா?" எண்டு அண்டைக்குக் கேட்டனான்.

"ஆடாம இரும். மை பிசகப் போகுது."

நாளைக்குப் பின்னேரம் வீட்டில இருந்து எடுக்கினம். லேன் ஆக்கள் எங்க இருந்தாலும் வாங்கோ.

போயிட்டு வாங்கோ ஜெசிந்தா அக்கா... எங்கட அக்கா எண்டு நெஞ்சை நிமிர்த்திச் சொல்லுவம்.