மாமா போட்ட பயணத் திட்டம்

என் அக்கா வீட்டுக்காரரை நாங்கள் மாமா என்போம். அவர் வேலை பார்க்கும் பார்சல் அலுவலகத்தில் அவருக்கு 'ரூட்டு' என்று பெயர். எந்தச் சரக்கு எந்த லாரியில் ஏறி, எந்த ஊரில் வண்டி மாறி, யார் வாசலில் இறங்க வேண்டும் என்று முடிவு செய்வது அவர் வேலை. அதைக் கண்ணும் கருத்துமாகச் செய்வார். வீட்டிலும் அப்படியே இருப்பார் என்பதுதான் தொல்லை. குளியலறைக் குழாயை மாற்ற ஆள் வருவதென்றால்கூட, அந்த ஆள் எந்தத் தெரு வழியாக வந்தால் நல்லது என்று போனில் விளக்கிக்கொண்டிருப்பார். நான் அவர்கள் வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். இதையெல்லாம் தினமும் கேட்பது என் தலையெழுத்து.

மாமா ஒரு வீகன். இறைச்சி, மீன், முட்டை மட்டுமல்ல, பால், வெண்ணெய், தேன் என்று எதையும் தொட மாட்டார். காரணம் கேட்டால் "ஒத்துக்கலை" என்பார். வயிற்றுக்கா மனசுக்கா என்று சொல்ல மாட்டார். எங்களுக்குத் தெரியும். முன்பு ஒருமுறை, கோழிக்குஞ்சுகள் இருந்த பெட்டி ஒன்று லாரி மாறி வந்து, விடுமுறை முழுவதும் அவர் அலுவலகக் கிடங்கில் கிடந்துவிட்டது. விடுமுறை முடிந்து வந்து பெட்டியைத் திறந்தவர் மாமா. தவறு அவருடையது இல்லை. இருந்தும் அன்று வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். முதலில் கோழியை விட்டார், பிறகு மற்றதையெல்லாம் ஒவ்வொன்றாக விட்டார். ஆனால் யாருக்கும் உபதேசம் செய்ததில்லை. எதிரில் உட்கார்ந்து நான் மீன் சாப்பிட்டால், முள்ளைப் பார்த்துச் சாப்பிடச் சொல்வார். அந்தக் குணத்துக்காகவே அவருடைய மற்ற இம்சைகளைப் பொறுத்துக்கொள்ளலாம்.

அவருக்கு ஒரே மகள். கல்யாணமாகி, மாப்பிள்ளையோடு பெரிய நகரத்தில் இருக்கிறாள். இன்னமும் எங்களுக்கு அவள் பாப்பாதான். போன வருடம் அப்பாவின் பிறந்தநாளுக்கு வந்தவள், தானே கேக் செய்கிறேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள். முட்டை இல்லை, பால் இல்லை, வெண்ணெய் இல்லை. பார்த்துப் பார்த்துத்தான் செய்தாள். மாமா ஒரு துண்டைச் சாப்பிட்டு, "கடை கேக்கெல்லாம் தோத்துடும்" என்றார். அவளுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு என் அக்கா, குப்பையில் போடப் போன, கேக்குக்கு வாங்கிய சாக்லெட்டின் உறையைச் சும்மா இருக்காமல் படித்துவிட்டு, "இதுல பால் பவுடர் இருக்கே" என்றாள்.

மாமா ஒன்றும் சொல்லவில்லை. எழுந்து பின்பக்கக் குழாயடிக்குப் போய் வாயைக் கொப்பளித்தார். கொப்பளித்துக்கொண்டே இருந்தார். பாப்பா சமையலறை வாசலில் நின்று அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவரும் திரும்பி அவளைப் பார்த்தார். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. அதன் பிறகு போனில் மழை பெய்ததா, மாப்பிள்ளைக்குச் சளி விட்டதா என்பதோடு பேச்சு நின்றுவிடும்.

அப்படிப்பட்டவள் இந்த வருடம் தானாகவே கூப்பிட்டாள். "புது வீட்டுக்கு வந்துட்டோம்ப்பா. வந்து நாலு நாள் இருந்துட்டுப் போங்க. சித்தியையும் கூட்டிட்டு வாங்க." சித்தி என்றது என்னைத்தான். மாமாவுக்குக் கால் தரையில் படவில்லை. அன்றே ரூட்டு வேலையை ஆரம்பித்துவிட்டார்.

ரயில் டிக்கெட்டெல்லாம் அவருக்கு ஒரு பொருட்டே இல்லை. பிரச்சினை சாப்பாடு. பாப்பா வீட்டைச் சுற்றியுள்ள ஓட்டல்களின் எண்களைத் தேடி எடுத்து, அலுவலகத்திலிருந்து வந்ததும் காதில் போனோடு உட்கார்ந்துவிடுவார். மாடிப்படி வரைக்கும் கேட்கும்.

"காளான் சூப்புல வெண்ணெய் போடுவீங்களா?"

"கொஞ்சூண்டுதான் சார்."

"கொஞ்சூண்டும் வேணாம்னா?"

"வெண்ணெய் போடலேன்னா அது வெந்நீர் சார்."

"வெந்நீரே குடுங்க. எனக்குச் சம்மதம்."

இன்னொரு ஓட்டலில், பால் இல்லாமல் காபி கேட்டதற்கு, உடம்புக்கு என்ன என்று அனுதாபமாக விசாரித்தார்கள். பாதாம் பால் வைத்திருப்பதாகச் சொன்ன ஒரு கடைக்காரரை மாமா தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார். இப்படி ஒவ்வொரு வேளைக்கும் ஒரு கடை, அந்தக் கடை மூடியிருந்தால் இன்னொரு கடை, அதற்கு எந்தப் பேருந்து, எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும் என்று எல்லாவற்றையும் பிசகில்லாமல் போட்டு முடித்தார். பார்சல் தொழிலில் ஊறியவர் இல்லையா. வாங்குகிறவருக்கு ஒரு வேலையும் வைக்கக் கூடாது என்பது அவருடைய சட்டம். போட்டதைப் போனிலேயே பாப்பாவுக்கு அனுப்பிவிட்டு, பரீட்சை எழுதிய பிள்ளை மாதிரி காத்திருந்தார்.

பதில் வரவில்லை. மறுநாளும் இல்லை. கடைசியில் மாப்பிள்ளை எனக்குப் போன் செய்தார்.

"சித்தி, மாமா என்ன அனுப்பினாருன்னு பாத்தீங்களா?"

"பாக்காம என்ன. அவர் போட்டதைக் கேட்டுக் கேட்டு எனக்கே மனப்பாடம் ஆயிடுச்சு. ஏன், என்னாச்சு?"

"அதைப் பாத்ததுலேர்ந்து இவ அழுதுட்டே இருக்கா. எல்லா வேளையும் வெளியதான் சாப்பாடுன்னு போட்டிருக்காரு. எங்க வீட்ல ஒரு வேளைகூட இல்ல." அவர் குரலை இறக்கிக்கொண்டார். "அவ மாசக்கணக்கா பழகிட்டிருக்கா சித்தி. ஞாயித்துக்கிழமை ஆனா பால் இல்லாம, வெண்ணெய் இல்லாம எதையாவது செஞ்சு என்னைத்தான் சாப்பிட வைப்பா. அவருக்குன்னு புதுசா பாத்திரம்கூட வாங்கி வச்சிருக்கா. இப்ப, 'அப்பா என் கையை நம்பல, வர வேணாம்னு சொல்லிடுங்க'ன்னு ஒரே பிடிவாதம்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. கோபத்தில் பாதி என் மேலேயே. அத்தனை போனையும் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தேனே தவிர, இது எனக்கும் உறைக்கவில்லையே. விறுவிறுவென்று கீழே இறங்கினேன். மாமா ஹாலில் பெட்டிக்குச் சக்கரம் மாட்டிக்கொண்டிருந்தார். அக்கா பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

"மாமா, நீங்க மகளைப் பாக்கப் போறீங்களா, ஓட்டலைப் பாக்கப் போறீங்களா?"

"ஏம்மா, என்ன?"

"பாப்பா வீட்ல சாப்பாடு எங்க?"

"அவளுக்கு எதுக்கும்மா சிரமம்? வேலைக்குப் போற பொண்ணு."

"அவளுக்குச் சிரமம் குடுக்கலேன்னா நீங்க என்ன அப்பா? உங்களை வர வேணாங்கறா."

மாப்பிள்ளை சொன்னதை அப்படியே சொன்னேன். புதுப் பாத்திரம் என்று சொன்ன இடத்தில் அவர் முகம் சுண்டிப்போயிற்று. அக்கா மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"அவ கையை நம்பாம இல்லம்மா," என்றார் மாமா. "என் மூஞ்சியைத்தான் நம்பல. அன்னிக்கு அவ வாசல்ல நின்னு என்னைப் பாத்தா. பெத்த பொண்ணு ஆசையா செஞ்சதை நான் விஷத்தைக் கொப்பளிக்கிற மாதிரி கொப்பளிச்சிட்டிருந்தேன். மறுபடி எதுலயாவது ஏதாவது இருந்து, என் மூஞ்சி மாறி, அவ அதைப் பாத்துட்டா? அதுக்கு வெந்நீர் குடிக்கிறது மேல் இல்லையா."

திட்டுவதற்கு நிறைய வைத்திருந்தேன். எல்லாவற்றையும் விட்டுவிட்டு அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

அக்காதான் பேசினாள். "இதை எங்ககிட்ட சொல்லி என்ன பிரயோஜனம்? அவகிட்ட சொல்லுங்க."

போனை எடுத்துக் கொடுத்ததும் அவள்தான். மாமா எண்ணை அழுத்திவிட்டு, மூச்சை இழுத்துவிட்டுக்கொண்டார். பாப்பா எடுத்தாள். மாமாவுக்கு யோசித்து வைத்ததெல்லாம் மறந்துவிட்டது போலிருக்கிறது.

"பாப்பா," என்றார். "கடைக்காரங்க எல்லார்கிட்டயும் வரலேன்னு சொல்லிடறேன். அங்க வந்து இறங்குறோம். என்ன குடுப்பே?"

அந்தப் பக்கம் என்ன சொன்னாள் என்று தெரியவில்லை. மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு "சரி, சரி" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார்.

அடுத்த வாரம் போனோம். நாலாவது மாடியில் சின்ன வீடு. சமையலறையில் ஒருவர் நின்றால் இன்னொருவர் வெளியே வர வேண்டும். பாப்பா எங்களைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை. அடுப்புக்கும் மேசைக்குமாக ஓடிக்கொண்டிருந்தாள். பீன்ஸும் தக்காளியும் போட்டுக் கெட்டியாக ஒரு குழம்பு, சோறு, வதக்கிய கீரை. மாமாவுக்குப் பரிமாறிவிட்டு, சமையலுக்கு வாங்கிய பொட்டலங்களையெல்லாம் கையில் அள்ளிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்றாள்.

"எல்லாத்துலயும் பின்னாடி போட்டிருக்கறதைப் படிச்சிட்டேன்ப்பா. நீயும் ஒரு தடவை பாத்துடு."

"அதை உள்ள வச்சுட்டு வா," என்றார் மாமா.

அவள் நகரவில்லை. அவர் ஒரு கவளம் பிசைந்து வாயில் போட்டார். நான், அக்கா, மாப்பிள்ளை மூன்று பேரும் மாமாவின் முகத்தையே பார்த்தோம். பாப்பாவைச் சொல்லவே வேண்டாம். மாமா மென்றார், விழுங்கினார். அந்த முகம் மாறத்தான் செய்தது. இந்த மனுஷர் வழக்கம் போல ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவார் என்றே நினைத்தேன்.

"பாப்பா," என்றார் மாமா, "குழம்புல உப்பு ஜாஸ்தி."

அக்கா தலையில் கை வைத்துக்கொண்டாள். பாப்பா பொட்டலங்களை அப்படியே மேசையில் போட்டாள். விரலால் குழம்பைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள்.

"ஆமாப்பா, கரிக்குது," என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது அவளுக்கு. "இப்படிச் சொல்ல வேண்டியதுதானே அன்னிக்கும். நீ ஒண்ணுமே சொல்லாம குழாயடிக்குப் போயிட்டே."

"போயிருக்கக் கூடாது. தப்புதான்."

"சரி, குடு. தண்ணி விட்டுக் கொதிக்க வச்சுத் தர்றேன்."

தட்டை இழுத்தாள். மாமா விடவில்லை. "அது கொதிக்கிறப்ப கொதிக்கட்டும். இதைச் சாப்பிட்டுட்டிருக்கேன். சோறு மட்டும் இன்னும் கொஞ்சம் போடு," என்றார்.