எடுத்த அணுவின் இடம்

மாதங்கி மேடத்தின் கோபம் இயற்பியல் துறை முழுக்கப் பிரசித்தம். அன்று அகப்பட்டவன், முனிர்காவில் அறை எடுத்துத் தங்கிப் படிக்கும் கதிரவன்.

சிப் செய்ய உதவும் படிகம் ஒன்றில் ஒரே ஒரு அணுவை எடுத்துவிட்டால் என்ன ஆகும் என்று கணினியில் போட்டுப் பார்க்கச் சொல்லியிருந்தாள். அவன் அணுவை எடுத்தான். மற்றதையெல்லாம் இருந்த இடத்திலேயே விட்டுவிட்டான்.

"பக்கத்துல இருந்தது போயிடுத்து. மத்ததெல்லாம் ஆணி அடிச்ச மாதிரி அப்படியே நிக்குமா? எங்கயாவது நடக்குமாடா?"

"நகராதுன்னு வெச்சா கணக்கு ஜல்தி முடிஞ்சிரும், மேம்."

"முடியும். தப்பா முடியும். போய்த் திரும்பப் போடு."

சாயங்காலம் ஆர்.கே.புரம் குவார்ட்டர்ஸுக்கு வந்து கதவைத் திறந்தாள். கணவர் வெங்கடராமன் சோபாவின் ஒரு கோடியில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தார். மறு கோடி அவளுடையது. நடுவில் அபிஷேக் உட்காருவான். பிள்ளை விபத்தில் போய் இரண்டு வருஷம் ஆகிறது. ரிமோட்டைக்கூட அவர் அங்கே வைப்பதில்லை.

"ஏன் நின்னுண்டே இருக்கே? உட்காரேன்" என்று அவளுடைய கோடியைக் காட்டினார்.

காட்டிய கை, நடுவில் இருப்பவன்மேல் பட்டுவிடாமல் வளைந்து போயிற்று.