என் கம்ப்யூட்டர் பேசாத நாலு மாதம்

திங்கட்கிழமை காலை கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டு ஹெட்போனை மாட்டினேன். பேச்சே இல்லை. ஒயர் கழன்றிருக்குமோ என்று தடவிப் பார்த்தேன். சரியாகத்தான் இருந்தது.

எனக்குப் பிறவியிலேயே பார்வை கிடையாது. நெய்வேலி டவுன்ஷிப்பில் குவார்ட்டர்ஸ் பராமரிப்பைக் கான்ட்ராக்ட் எடுத்திருந்த ஒரு சின்னக் கம்பெனியில் புகார் எடுக்கும் வேலை. எந்த பிளாக், குழாய் லீக்கா, ஃபேன் ஓடவில்லையா என்று போனில் கேட்டு டைப் அடிப்பேன். திரையில் இருப்பதை ஸ்கிரீன் ரீடர் என்ற சாஃப்ட்வேர் காதில் வாசிக்கும். பன்னிரண்டு வருடம் அப்படித்தான் ஓடியது.

சிஸ்டம் பார்க்கும் தேவசகாயம் வந்தார்.

"அண்ணே, வைரஸ் தொல்ல தாங்கலன்னு விண்டோஸ எடுத்துட்டு, எல்லா மெஷினையும் லினக்ஸுன்னு வேற சிஸ்டத்துக்கு மாத்திட்டோம். உங்க சாஃப்ட்வேர் இதுல ஏற மாட்டேங்குது. எனக்கே மாத்தினப்புறம்தான் தெரிஞ்சுது."

"எனக்கு மட்டும் பழசையே போட்டுடுங்களேன்."

"கேட்டுட்டேண்ணே. ஒரு மெஷினுக்குன்னு தனியா வைக்க மேனேஜர் ஒத்துக்கல."

மேனேஜர் அன்பாகத்தான் பேசினார். "கவலப்படாதீங்க ராஜமாணிக்கம். வந்து சும்மா உக்காந்துட்டுப் போங்க."

கான்ட்ராக்ட் ரினியூ ஆகும்போது சும்மா உட்கார்ந்திருப்பவன் பெயர் லிஸ்ட்டில் இருக்காது என்று எனக்குத் தெரியும்.

முதலில் புகாரைக் கேட்டு, பக்கத்து மேஜை செல்விக்குச் சொன்னேன். அவர் டைப் அடித்தார். சாயங்காலம் குறிஞ்சிப்பாடி பஸ்ஸைப் பிடிக்க வேண்டியவர். அவர் வேலையும் இதோடு சேர்ந்துகொண்டது. ஒருநாள் போனையே தன் மேஜைக்கு எடுத்துக்கொண்டார். "கோவிச்சிக்காதீங்கண்ணே. ஒரே விஷயத்த ரெண்டு பேரும் கேட்டுகினு இருக்க நேரமில்ல" என்றார். நியாயம்தான்.

அதன்பின் எனக்கு ஒன்றுமில்லை. டீ வந்தால் குடிப்பேன். எல்லோரும் நலம் விசாரிப்பார்கள். வேலை விஷயம் யாரும் பேச மாட்டார்கள். சுற்றிலும் கீபோர்டு சத்தம் கேட்கும். என் கை மட்டும் மேஜைமேல் கிடக்கும். வீட்டிலும் சொல்லவில்லை. "இன்னிக்கு நெறைய கால்" என்று பொய் சொல்லியிருக்கிறேன்.

மூன்றாவது மாதம், அந்த சாஃப்ட்வேர் விற்கும் கம்பெனிக்கு போன் போட்டேன். ஒரு பெண் எடுத்தார்.

"லினக்ஸ்ல ஏன் வராதுங்க? செய்யவே முடியாதா?"

"முடியாதுன்னு இல்ல சார். எங்க சாஃப்ட்வேர் பழைய சிஸ்டத்தோட உள்ளவரைக்கும் போய் ஒட்டிக்கிட்டு வேல செய்யும். லினக்ஸ்னா மொதல்லேருந்து எழுதணும். அதுலயும் பல வகை இருக்கு, ஒவ்வொண்ணுலயும் சரிபாக்கணும். வாங்கறவங்க இருந்தா செய்வாங்க. இதக் கேட்டு எனக்கு வந்த மொத கால் உங்களுதுதான்."

இவ்வளவு பெரிய நாட்டில் நான் ஒருத்தன்தானா என்று இருந்தது.

அவர் குரலைத் தாழ்த்தினார். "நான் சொல்லக் கூடாது சார். லினக்ஸ்லயே இலவசமா ஒரு ரீடர் இருக்கும். ஆல்ட்டையும் விண்டோஸ் கீயையும் பிடிச்சுக்கிட்டு எஸ் அடிச்சுப் பாருங்க."

அடித்தேன். கரகரவென்று ஒரு குரல் ஆங்கிலத்தில் பேசியது. அழுகை வந்துவிட்டது. மூன்று மாதமாக அது என் மெஷினுக்குள்ளேயே இருந்திருக்கிறது. எனக்கும் தெரியாது, தேவசகாயத்துக்கும் தெரியாது.

ஆனால் புகார் ஃபாரத்தைத் திறந்தால், "பட்டன், பட்டன், பட்டன்" என்றது. எதற்கு எந்த பட்டன் என்று ஃபாரம் செய்தவர்கள் உள்ளே பெயரே எழுதவில்லை. தேவசகாயம் சாப்பாட்டு நேரத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்து, ஒவ்வொன்றாகப் பெயர் எழுதினார். "இப்ப என்ன சொல்லுதுண்ணே?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அவரே தேடி ஏற்றிக் கொடுத்த தமிழ்க் குரல் காதுக்குப் பழக இன்னும் சில வாரம் ஆனது.

போன் என் மேஜைக்குத் திரும்பியது. முதல் கால், தண்ணீர் வரவில்லை என்று ஒரு அம்மா.

"நாலு தடவ சொல்லிட்டேன். அங்க ஒக்காந்துகினு என்னதான் பண்றீங்க?" என்று திட்டித் தீர்த்தார்.

"சொல்லுங்கம்மா, எந்த பிளாக்?" என்றேன். அவ்வளவு சந்தோஷமாக நான் திட்டு வாங்கியதே இல்லை.

அடுத்த ரினியூவலில் என் பெயர் இருந்தது. அதன்பிறகும் அங்கேயே இருந்து, போன வருடம்தான் நானாக வேலையை விட்டேன்.

சிஸ்டம் மாற்றும் வேலைக்கு வருகிறவர்களுக்கு ஒன்று சொல்வேன். மாற்றுவதற்கு முதல் நாள், அதில் வேலை செய்கிற ஒவ்வொருவரையும் புது மெஷினில் ஒரு மணி நேரம் உட்கார வையுங்கள். பக்கத்தில் நீங்களும் இருங்கள்.