உடும்புப் பெட்டியின் கல்

உடும்பு எங்கள் வீட்டுக்கு வந்தது கொல்லம் 1129 ஆவணியில்; இங்கிலீஷ் கணக்குக்கு 1953. கன்னிப்பூ நெல் அறுப்பு முடிந்து களத்தில் வைக்கோல் காய்ந்துகொண்டிருந்தது. அந்த வைக்கோலில் ஒரு கைப்பிடி எடுத்துத்தான் அதற்குப் படுக்கை போட்டேன். அதனால் மாதத்தில் எனக்குச் சந்தேகமில்லை.

அப்பா சப் ரிஜிஸ்ட்ரார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். அந்த வருஷம் அவருக்கு க்ஷயம் முற்றியிருந்தது. ஆஸ்பத்திரியில் போய்ப் படுக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அருமனையிலிருந்து வந்த வைத்தியர், உடும்புக் கொழுப்பில் ஒரு நெய் காய்ச்சித் தரலாம், வேறு வழி இல்லை என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். மலையடிவாரத்து ஆள் ஒருவர் பிடித்துக் கொடுத்தது மெலிந்த உடும்பு. வைத்தியர் அதன் வாலின் அடிப்பக்கத்தைக் கிள்ளிப் பார்த்துவிட்டு, இதில் கொழுப்பு இல்லை, கார்த்திகை வரைக்கும் வளர்த்துக் கொடுங்கள், உயிரோடு வேண்டும், தானாகச் செத்ததில் மருந்து கூடாது என்றார்.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழைந்ததில்லை. அம்மா நாள் தவறாமல் நெற்றி நிறைய நீறு பூசுகிறவள். அவளிடம் உண்மையைச் சொன்னேன். அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. அப்பாவிடம் சொல்லவில்லை. காலேஜில் விலங்கியல் படிக்கும் சிநேகிதனுக்காக வளர்க்கிறேன் என்றேன். நெய் காய்ச்சி வந்த பிறகு பச்சிலை நெய் என்று சொல்லிக் கொடுத்துவிடலாம் என்பது எங்கள் ஏற்பாடு.

தொழுவத்தில் சும்மா கிடந்த பழைய நெல் பத்தாயத்தின் மேல்பலகையை எடுத்துவிட்டுக் கம்பிவலை அடித்தேன். உடும்பின் உடம்பில் சொந்தச் சூடு கிடையாது, வெளியிலிருந்துதான் வாங்கிக்கொள்ள வேண்டும், சூடு போதாவிட்டால் தின்றதும் செரிக்காது என்று நாகர்கோவிலில் இரவல் வாங்கிய ஒரு புத்தகத்தில் படித்திருந்தேன். கிணற்றடியில் கிடந்த துவைகல்லில் உடைந்த துண்டு ஒன்றைப் பத்தாயத்தின் ஒரு மூலையில் போட்டேன். காலை வெயில் அந்த மூலையில் விழும். கல் சுட்டதும் உடும்பு அதன்மேல் ஏறி, வயிற்றைப் பரப்பி, கண்ணை மூடிக் கிடக்கும். மத்தியானம் மறு மூலையின் நிழலுக்குப் போய்விடும். கல்லில் உள்ளங்கையை வைத்து, எடுக்காமல் இருக்க முடிந்தால் சூடு சரி என்று பிடித்துக் கொடுத்தவர் சொல்லியிருந்தார். அதுதான் எங்கள் அளவு.

புரட்டாசியில் அப்பா தம் கட்டிலைத் தொழுவத்துப் பக்கத்துச் சாய்ப்பில் போடச் சொன்னார். வெயில் அவருக்கும் வேண்டியிருந்தது. நான் தக்கலையில் வேலைக்குப் போய்த் திரும்புவதற்குள் பெட்டியை அவரே பார்த்துக்கொள்ள ஆரம்பித்தார். வெயில் நகர்ந்தால் கல்லை நகர்த்துவார். அவருக்கு அதன்மேல் பிரியம் விழுந்துவிட்டது, வெட்டும் நாளில் என்ன செய்யப் போகிறோம் என்று அம்மா பயந்தாள்.

ஒரு சாயங்காலம் நான் வந்தபோது அப்பாவின் கையில் கோழிமுட்டை இருந்தது. ஆயுளில் அதைத் தொட்டிராத கை. முட்டையை வலைக்குள் உருட்டிவிட்டு, வைத்தியர் எப்போது வருகிறார் என்று கேட்டார். எதற்கு என்றேன்.

"வாலு தடிச்சாச்சுல்லா. இன்னும் என்னத்துக்குக் காத்துக் கிடக்கணும்?"

நான் குனிந்து வலையை இழுத்து மூடினேன்.

"எனக்குத் தெரியும் மக்கா. அம்மைக்கிட்ட சொல்லாண்டாம். நான் தெரிஞ்சு திங்க மாட்டேன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கட்டும்."

அவருக்கு உடும்பின்மேல் பிரியம் எதுவும் இல்லை. அவருக்குப் பிழைக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஐப்பசியில் மழை பிடித்தது. அந்த வருஷம் துலாமழை விட்டு விட்டுப் பெய்யவில்லை. மூடிக்கொண்டு நின்று பெய்தது. கல் ஐஸ் மாதிரிக் கிடந்தது. உடும்பு விறைத்துப் போய் வைக்கோலுக்குள் சுருண்டது. போட்ட முட்டை போட்ட இடத்திலேயே கெட்டது. வாலில் பிடித்த சதை இறங்க ஆரம்பித்தது. கல்லுக்கு அடியில் செங்கல் வைத்து உயர்த்தி, சிரட்டைக் கரி போட்ட சட்டியை உள்ளே தள்ளினேன். கல்லில் சூடு ஏறியதும் உடும்பு மெல்ல நகர்ந்து வந்து ஏறிக்கொண்டது. பகலில் கரி போடும் வேலையை அப்பா எடுத்துக்கொண்டார்.

இங்கே இன்னொன்றையும் எழுத வேண்டும். கம்பவுண்டர் ஒருவர் வாரத்தில் சில நாள் வந்து அப்பாவின் காய்ச்சலைப் பார்ப்பார். தெர்மாமீட்டரை ஜன்னல் பக்கம் திருப்பிப் படித்துவிட்டு, "காய்ச்சல் இல்லை, கொஞ்சம் கணகணப்புதான்" என்று உரக்கச் சொல்வார். உண்மையான டிகிரியை வாசலில் வைத்து என்னிடம் சொல்வார். நோயாளியிடம் குறைத்துச் சொல்வது எல்லா வீட்டிலும் நடப்பதுதான். அம்மாவும் அப்பாவின் கழுத்தில் புறங்கையை வைத்துப் பார்த்து, இல்லை என்பாள். அப்பா அதை நம்பினார். குளிருகிறது என்று போர்வைக்கு மேல் சாக்கை இழுத்துப் போட்டுக்கொள்வார். மழைக் குளிர் என்போம்.

கார்த்திகைச் சொக்கப்பனை அந்த வருஷம் நனைந்துபோய்ச் சரியாகப் பிடிக்கவில்லை. மறுநாள் வைத்தியர் வருவதாக ஏற்பாடு. நான் லீவு போட்டிருந்தேன். காலையில் அப்பாவே கரி போட்டு, சூடு வெளியே போகாமல் இருக்க வலைமேல் சாக்கையும் மூடி வைத்திருந்தார். வைத்தியர் வந்ததும் நான் சாக்கை விலக்கினேன். உடும்பு கல்லின்மேல் வழக்கம்போல் வயிற்றைப் பரப்பிக் கிடந்தது. வாலைப் பிடித்துத் தூக்கினால் கனமாக வந்தது. வயிற்றுத் தோல் கல்லோடு ஒட்டி உரிந்தது. அடிவயிறு வெந்திருந்தது.

"இதுக்குத் தீ வச்சது ஆரு?" என்றார் வைத்தியர்.

"நான்தான். கை வச்சுப் பார்த்துத்தான் வச்சேன்" என்றார் அப்பா. "இதமாத்தான் இருந்து."

வைத்தியர் கல்லில் கை வைத்தார், உடனே எடுத்துவிட்டார். நானும் வைத்துப் பார்த்தேன். வைத்திருக்க முடியவில்லை. அப்பா கட்டிலிலிருந்து இறங்கி வந்து, எங்கள் இருவருக்கும் நடுவில் குனிந்து, உள்ளங்கையைக் கல்லின்மேல் அழுத்தினார். எடுக்கவில்லை. நான்தான் அவர் மணிக்கட்டைப் பிடித்து இழுத்தேன். உள்ளங்கை சிவந்திருந்தது. பிடித்த மணிக்கட்டும் கொதித்தது. அவர் உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது.

அவர் என்னைப் பார்த்தார். பிறகு வாசல்படியில் நின்ற அம்மாவைப் பார்த்தார்.

"அப்போ எனக்கு எத்தனை டிகிரி கிடக்கு மக்கா?"

அம்மா உள்ளே போய்விட்டாள். வைத்தியர் இனி வேறு உடும்பு பிடித்து வளர்க்க நாள் போதாது என்று என்னிடம் மட்டும் சொல்லிவிட்டு அருமனை பஸ்ஸுக்குக் கிளம்பினார். செத்த உடும்பைத் தெங்கின் மூட்டில் குழி தோண்டிப் புதைத்தேன்.

அதற்குப் பிறகு கம்பவுண்டர் வரும்போதெல்லாம் அப்பா தெர்மாமீட்டரைத் தாமே கையில் வாங்கிக்கொண்டார். வாயிலிருந்து எடுத்து, விளக்குப் பக்கம் திருப்பி, கண்ணைச் சுருக்கிப் படிப்பார். அம்மா கதவோரம் நிற்பாள். அப்பா அதை நன்றாக உதறி, பாதரசத்தைக் கீழே இறக்கிய பிறகே கம்பவுண்டரிடம் நீட்டுவார்.

"இன்னிக்கு இல்ல" என்று அம்மாவிடம் சொல்வார். "கொஞ்சம் கணகணப்புதான்."

கும்பப்பூ அறுக்கும்வரை, மாசி பாதிவரைக்கும், அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தார்.